பதினாறாம் நாளுக்குப் பிறகு

ஒருவர் இறந்த வீட்டில் முதல் பதினாறு நாட்கள் என்ன செய்வதென்று குடும்பத்தார் யோசிக்க வேண்டியதே இல்லை. ஊர் வந்து செய்யும். பந்தல் போடுவது, ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, உறவுக்காரர்களுக்குத் தகவல் அனுப்புவது எல்லாவற்றையும் பங்காளிகள் பார்த்துக்கொள்வார்கள். நீர்மாலை, பிறந்த வீட்டுக் கோடி, வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தம், கொள்ளி, மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு, எட்டாம் நாள் துக்கம், பதினாறில் கருமாதி என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இந்த நாள் கணக்கு மாறும். ஆனால் எல்லாக் கணக்கிலும் ஒரு கடைசி நாள் உண்டு. உருமால் கட்டி, சாப்பாடு போட்டு, சம்பந்தி வீட்டாரும் வண்டி ஏறிய பிறகு, பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்காகவும், அவர்கள் மேல் அக்கறை உள்ளவர்களுக்காகவும் எழுதப்பட்டது.

இறந்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு இந்த நூல் பதில் சொல்லப்போவதில்லை. அந்தப் பதில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மறுமையைப் பற்றிய நம்பிக்கை துக்கப்படுகிறவர் கையில் இருக்கும்வரை ஊன்றுகோல். அடுத்தவர் கைக்குப் போனால் அதுவே அடிக்கும் தடி. சாவு வீட்டில் எடுக்க வேண்டிய ஒவ்வொரு முடிவிலும், இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அழவிடுங்கள்

"ஆத்மாவுக்கு அழிவில்லை, அழக்கூடாது." "கர்த்தர் எடுத்துக்கொண்டார், கண்ணீர் விடலாமா?" "அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான், பொறுமையாக இருங்கள்." துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் இவற்றைச் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கோ, அழுவதே தன் நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று தோன்றிவிடுகிறது.

ஆத்மாவுக்கு அழிவில்லை என்ற உபதேசத்தைக் கண்ணனிடமிருந்தே நேரில் கேட்டவன் அர்ச்சுனன். கேட்டுப் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு களத்தில் விழுந்தான். அன்று மாலை பாசறைக்குத் திரும்பிய அர்ச்சுனன் புலம்பி அழுததை மகாபாரதம் மறைக்கவில்லை. கேட்ட உபதேசம் வீணாய்ப் போயிற்று என்றும் அது சொல்லவில்லை. லாசருவைத் தாமே உயிரோடு எழுப்பப்போகிற இயேசு, அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார் என்கிறது யோவான் நற்செய்தி. நபிகள் நாயகம் தம் குழந்தை மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டதையும், அது இரக்கத்தின் கண்ணீர் என்று விளக்கியதையும் ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது "அழாதே" என்று மதத்தைக் காட்டித் தடுத்தால், அந்த மதத்துக்குள்ளேயே இருக்கும் இந்தச் சான்றை மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிகள் உங்கள் உறவில் இருந்தால், "மைக் வைத்த காலத்தில் இதெல்லாம் எதற்கு" என்று அவர்களை நிறுத்தாதீர்கள். இறந்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, அவர் வாங்கிய நிலம், கட்டிய வீடு, பட்ட பாடு, கட்டிக்கொடுத்த பெண் என்று ஒரு வாழ்க்கையையே ஒப்பாரி அடுக்கிச் சொல்லும். மனநல ஆலோசகர் பல அமர்வுகளில் மெல்ல வரவழைக்க முயலும் பேச்சை, கட்டிப்பிடித்து அழும் நாலு பெண்கள் ஒரு மத்தியானத்தில் வரவழைத்துவிடுகிறார்கள்.

பாட்டு வராதவர்கள் என்ன பேசுவது? இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். "என் கல்யாணத்துல பந்தி முடியுற வரைக்கும் உங்கப்பா சாப்பிடவே இல்லம்மா." இது போதும். "நல்ல சாவு", "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்", "வயசாயிடுச்சு இல்ல" போன்றவற்றைத் தவிருங்கள். கல்யாணச் சாவு என்று ஊர் கொண்டாடும் தொண்ணூறு வயதுச் சாவிலும், அறுபது வருடம் உடன் வாழ்ந்த ஒரு மனுஷி உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

முதல் ஆறு மணி நேரம்

மறுமை நம்பிக்கை கையோடு ஒரு முடிவைக் கேட்கும் இடம் கண்தானம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே தகவல் சொல்லுங்கள். குழு வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்துகொண்டவர் எல்லோருமே கொடுக்கலாம். முகம் விகாரமாகாது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "கண்ணில்லாம அனுப்பினா மேலே போய் எப்படிப் பார்ப்பார்? அடுத்த பிறவியில குருடாப் பிறக்க மாட்டாரா?" இதைக் கேலி செய்யாதீர்கள். கேட்பவர் உண்மையான பயத்தில்தான் கேட்கிறார். கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டி அப்பியதற்காகத்தான் காளத்தியில் கடவுளின் வலப்பக்கத்தில் நிற்கும் பேறு பெற்றார் என்பது அவருக்கும் தெரிந்த கதைதான். கண்ணைக் கொடுத்தவரைச் சைவ மரபு எங்கே வைத்திருக்கிறது என்று நினைவுபடுத்துங்கள். அதற்குப் பிறகும் மனைவியோ மகனோ வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். காலமெல்லாம் "தப்புப் பண்ணிவிட்டேனோ" என்று உறுத்தும் ஒரு தானம் வேண்டாம்.

முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்பியவர் என்றால், கல்லூரியின் உடற்கூறியல் துறையிடம் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக அவர்கள் ஏற்பதில்லை. இறந்தவர் உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுத்திருந்தாலும், இப்போது நெருங்கிய உறவினர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது நடக்காது.

அவர் நம்பிக்கையா, உங்கள் நம்பிக்கையா?

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்கக் கொடுக்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். சிவலோகப் பதவி அடைந்தாரா, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாரா, வஃபாத்தானாரா, இயற்கை எய்தினாரா என்று அச்சகத்தில் கேட்பார்கள். ஒரே வீட்டில் தந்தை திராவிடர் கழகத்துக்காரர், தாய் அமாவாசை தவறாமல் விரதம் இருப்பவர் என்பது தமிழ்நாட்டில் அபூர்வம் இல்லை. இரண்டு வேறு மதத்தவர் மணந்துகொண்ட வீடுகளும் பெருகிவிட்டன.

நான் சொல்லும் வழி இது. உடலைக் கையாள்வதில் இறந்தவரின் விருப்பம் முன்னே நிற்கட்டும். எரிப்பதா புதைப்பதா, சடங்கா சடங்கில்லாமலா என்பதை அவர் வாழ்ந்த முறையே சொல்லும். அவர் சடங்கு வேண்டாம் என்றவராக இருந்தால் படத்திறப்பும் நினைவேந்தலும் போதும். பகுத்தறிவாளர் குடும்பங்களில் அது பல பத்தாண்டுகளாக நன்றாகவே நடந்துவருகிறது. அதற்குப் பிறகு வருகிற நாட்களின் வழிபாடு உயிரோடு இருப்பவர்களுக்கானது. தன் மன அமைதிக்காகத் தாய் தனியாக விளக்கேற்றி, காக்கைக்குச் சோறு வைத்தால், அதைத் தந்தையின் கொள்கைக்குத் துரோகம் என்று மகன் சண்டை போடவேண்டாம். எதிர்த்திசையிலும் இதே நியாயம் செல்லும். திதி கொடுக்க மனம் ஒப்பாத மகனை, "உங்கப்பா பசியோட அலையுறார்" என்று மிரட்டிக் கரைக்கு இழுத்துப் போகாதீர்கள்.

மகன் இல்லாத வீட்டில் யார் கொள்ளி வைப்பது என்று கூட்டத்தில் கிசுகிசுப்பு எழும்போது, மகள் வைக்கட்டும் என்று முதலில் சொல்லும் ஆளாக நீங்கள் இருங்கள். ஒருவர் வாய் திறந்தால் போதும், பெரும்பாலும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

தாலி

பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, கணவனை இழந்த பெண்ணை நடுவில் உட்காரவைத்துப் பூ முடித்து, பொட்டு வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் கழற்றும் சடங்கைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது. அது நிறுத்தப்பட வேண்டும். கணவரின் ஆன்மா கரையேற இது தேவை என்று சொல்கிறார்கள். கட்டிய மனைவியை அழவைத்துத்தான் கரையேற வேண்டும் என்று எந்தக் கணவர் கேட்டார்? மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமத்தின் ஊராட்சி, தாலி அறுப்பது, வளையல் உடைப்பது, பொட்டழிப்பது போன்ற கைம்பெண் சடங்குகளுக்கு 2022ஆம் ஆண்டு தீர்மானம் போட்டே முடிவு கட்டியது. ஒரு கிராமம் செய்ததை ஒரு குடும்பம் செய்யமுடியும்.

அந்த நாள் வருவதற்கு முன்பே, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவருக்கு நெருக்கமான ஒரு பெண் தனியாகக் கேட்கட்டும்: "அக்கா, உங்களுக்கு என்ன விருப்பம்? தாலிய நீங்களே கழட்டி வெச்சுக்கணுமா, போட்டுக்கிட்டே இருக்கணுமா?" சிலர் கழுத்தில் கிடக்கட்டும் என்பார்கள், சிலர் படத்துக்கு முன்னால் வைக்க விரும்புவார்கள், சிலர் பழைய முறைப்படியே நடக்கட்டும் என்பார்கள். கடைசிப் பதிலும் அவர் வாயிலிருந்து வந்தால் மதிக்கவேண்டியதுதான். ஆனால் அதைக் கூட்டத்தில் வைத்துக் கேட்கக்கூடாது.

இஸ்லாமியக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார். மற்ற உறவினருக்குத் துக்கம் மூன்று நாள்தான். மூன்று நாளில் வீடு கலைந்த பிறகு நான்கு மாதத்துக்கும் மேல் அவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார் என்பதை அண்டை வீட்டார் நினைவில் வைக்கவேண்டும். வங்கி வேலை, மருந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இவற்றை யார் பார்ப்பது என்று முதல் வாரத்திலேயே ஆள் குறித்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போவது போன்ற தவிர்க்கமுடியாத தேவைக்கு வெளியே செல்ல மார்க்கத்தில் இடம் உண்டு. உடம்புக்கு முடியாமல் இருந்தும் தயங்குகிறவருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

"தாத்தா தூங்குறாங்க" என்று சொல்லாதீர்கள். அன்று இரவு அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும் எதிர்பார்க்கும். "சாமிக்குப் பிடிச்சவங்களச் சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்றால் சாமிக்குத் தன்னையும் பிடித்துவிடுமோ என்று கலங்கும்.

முதலில் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். "தாத்தா செத்துப் போயிட்டாங்க கண்ணு. அவங்க உடம்பு வேலை செய்யுறது நின்னுபோச்சு. இனிமே மூச்சு விடமாட்டாங்க, வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டாங்க." இதற்குப் பிறகு உங்கள் வீட்டு நம்பிக்கையைச் சொல்லலாம்: "தாத்தா சாமிகிட்ட இருக்காங்கன்னு நாங்க நம்புறோம்." நம்பாதவர்கள், "தாத்தா நம்ம நினைப்புல இருப்பாங்க" எனலாம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குச் சாவு திரும்பிவராத ஒன்று என்பது பிடிபடாது. அது பத்து முறை ஒரே கேள்வியைக் கேட்கும், பத்து முறையும் அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். அழுதுவிட்டு உடனே விளையாடப் போகும். அதற்குக் கல்மனது என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது நெய்ப்பந்தம். தாத்தாவையோ பாட்டியையோ வழியனுப்பப் பேரப்பிள்ளைகள் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் முன்னோர்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதைவிட, என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, விருப்பமிருந்தால் பங்கெடுக்க வைத்து, கூடவே ஒரு பெரியவரை நிறுத்துவது மேல்.

பயமுறுத்தும் நம்பிக்கைகள்

நாள் நட்சத்திரம் பார்த்து "அடைப்பு" என்று சொல்லிவிட்டால் வீடே நடுங்கிவிடுகிறது. அவிட்டம் முதல் ரேவதி வரையுள்ள ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் ஆறு மாதம், இன்னும் சில நட்சத்திரங்களுக்கு அதைவிடக் குறைந்த காலம், வீட்டையோ இறந்த அறையையோ பூட்டி வைக்கவேண்டும் என்பது நம்பிக்கை. சனிப் பிணம் தனியாகப் போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சு கட்டுவதும் உண்டு. இருபத்தேழு நட்சத்திரங்களில் ஐந்து என்றாலே, ஊரில் நிகழும் சாவுகளில் ஐந்திலொரு பங்குக்குப் பக்கத்தில் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஏழில் ஒரு சாவு சனிக்கிழமையில் நிகழத்தான் செய்யும். அத்தனை வீடுகளிலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்திருந்தால் ஊர்களே காலியாகியிருக்கும்.

இந்தக் கணக்கைச் சொல்லியும் பயம் தீராதவர்கள் இருப்பார்கள். வீட்டுக்குள் செய்யக்கூடிய சிறிய பூசை ஒன்றால் அவர்கள் தூங்குவார்கள் என்றால் செய்துவிடுங்கள். கடன் வாங்கிச் செய்யும் பரிகாரத்துக்கும், துணையை இழந்த முதியவரை அவர் பழகிய அறையிலிருந்து கிளப்புவதற்கும் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த அறையின் கட்டிலும் சன்னலும் அவருக்கு இப்போது மிகவும் வேண்டும்.

இதைவிடக் கொடியது, விபத்திலோ தற்கொலையிலோ போனவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது. அகால மரணம், ஆவியாக அலையும், மோட்சம் கிடையாது என்று பேசுவார்கள். கருட புராணத் தண்டனைகளை 'அந்நியன்' படம் 2005இல் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளையைத் தற்கொலையில் இழந்த ஒரு தாயின் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பவரை எழுந்து வெளியே கூட்டிப் போங்கள். சட்டமே இன்று அந்த உயிரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்தத் தாயிடம் சொல்லத்தக்கது: "அவன் தாங்கமுடியாத நோயில இருந்தான்மா. அவனை யாரும் தண்டிக்கமாட்டாங்க."

இன்னொரு எச்சரிக்கை. இறந்தவரோடு பேசவைக்கிறேன் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். "ஒரே ஒரு தடவை அவர் குரலக் கேட்டாப் போதும்" என்ற ஏக்கம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குத் தக்கபடிதான் பணம் கேட்பார்கள்.

பதினேழாம் நாள்

முதலில் ஒரு காகித வேலை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சாவை 21 நாட்களுக்குள் பதியவேண்டும். கருமாதி முடிந்து எஞ்சுவது ஐந்தே நாள். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள், பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். வீட்டில் இறந்திருந்தால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் பதியவேண்டும். சான்றிதழில் பல பிரதிகள் வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியருக்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். இந்த அலைச்சலைத் துக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டாமல் ஒரு மருமகனோ அக்கா மகனோ எடுத்துக்கொள்ளட்டும். கையெழுத்துக்கு மட்டும் அவர் வந்தால் போதும்.

இனிமேல்தான் முக்கியமான காலம். காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1969இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே சாவு, அதே வயதில் மணவாழ்க்கையில் இருந்த ஆண்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதில் பெரும்பங்கு இதய நோய்கள். நம் ஊரில் "அம்மா போனப்புறம் அப்பா ரொம்ப நாள் தாங்கல" என்று சொல்வதைத்தான் அவர்கள் எண்ணிக்கையில் கண்டார்கள்.

ஆகவே அந்த ஆறு மாதத்துக்கு ஒரு முறை வையுங்கள். பதினாறுக்குள் சமைத்துக் கொண்டுவரும் வீடுகள் நமக்கு நிறைய உண்டு. முப்பதாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள், மூன்றாம் மாதம் யார் போவார்கள்? பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் மாசிகம் செய்யும் வழக்கம் இருந்தால், அந்த நாட்களையே உறவினர் கூடும் நாட்களாக வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களுக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலியும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் இருக்கின்றன. வெறுங்கையோடு போய்ப் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதைவிட, தூக்குவாளியில் குழம்பு கொண்டுபோய் உடன் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை யார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று விசாரியுங்கள். அந்தக் கை இப்போது இல்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று எங்காவது படித்துவிட்டு, "நீங்க இன்னும் ரெண்டாவது படியிலேயே இருக்கீங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசியதை வைத்து. துணையை இழந்தவர்களுக்கான அட்டவணையாக அது உருவாகவில்லை. நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரூபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்னது நம் அனுபவத்துக்கு நெருக்கமானது. மனிதர் ஒரு நேரம் இழப்புக்குள் மூழ்குவார், ஒரு நேரம் ரேஷன் கடைக்கும் வயலுக்கும் கிளம்பிவிடுவார், மறுபடி மூழ்குவார். இந்தப் போக்குவரத்துதான் துக்கம் நடக்கிற விதம். காலையில் அழுதவர் சாயங்காலம் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தால், அதற்குள் மறந்துவிட்டார் என்று பேசுகிறவர்களை நம்பவேண்டாம்.

கனவும் காலடிச் சத்தமும்

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அவர் பிடிக்கும் சுருட்டு வாசம் வரும். கனவில் வந்து "பசிக்குது" என்பார். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோ" என்று பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971இல் எழுதினார். ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தவரின் அருகாமையை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

கனவில் பசித்தவருக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைப்பது நம் வழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். இறந்தவரிடமிருந்து மனதைப் பிடுங்கிக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்ற கருத்து, ஃப்ராய்டின் 1917ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு மேலை உளவியலில் வெகுகாலம் ஓங்கியிருந்தது. டென்னிஸ் கிளாஸும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான், உறவு அறுபடாமல் உருமாறித் தொடர்வதும் இயல்பே என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் பவானி கூடுதுறையிலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் நிற்கும் கூட்டத்துக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வடமாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன் தங்கள் வீட்டில் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடும் குடும்பங்கள், அவளையும் பந்தலுக்குள் அழைத்துக்கொள்கின்றன. நம்பிக்கை இல்லாதவர்கள் அதே நாளில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

கேட்கும் குரல் கட்டளையிட ஆரம்பித்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். "நானும் அவர்கிட்டயே போயிடறேன்" என்ற பேச்சையும் கவனியுங்கள். சேர வேண்டும் என்ற ஏக்கம் பலருக்கும் வருவதுதான். ஏக்கமா, எண்ணமா என்று தெரிந்துகொள்ள நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணையோ 104ஐயோ சென்னை ஸ்நேகா அமைப்பின் 044-24640050ஐயோ அழையுங்கள்.

வருஷத் திதி வரும்போது ஒருமுறை நின்று பாருங்கள். ஓராண்டு கழித்தும் நாளெல்லாம் அதே ஏக்கம், சாப்பாடும் வேலையும் மனிதர்களும் வேண்டாம் என்ற நிலை குறையாமல் இருந்தால், அதை நீடித்த துக்க நோய் என்று 2022 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனியாகவே குறிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் ஆறு மாதத்தையே எல்லையாக வைக்கிறது. இதற்கென்று உருவாக்கப்பட்ட பேச்சு சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும்?

இந்த அத்தியாயத்தைத் துக்கம் இல்லாத ஒரு நாளில் படித்துக்கொண்டிருந்தால், ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். எரிப்பதா, புதைப்பதா, மருத்துவக் கல்லூரிக்கா? கண்ணைக் கொடுக்கலாமா? என்ன சடங்கு வேண்டும், எது கூடாது? யார் கொள்ளி வைக்கவேண்டும்? கருமாதிக்கு எவ்வளவு செலவு செய்தால் போதும்? கைம்பெண் சடங்கு என் மனைவிக்குச் செய்யக்கூடாது என்ற ஒரு வரியைக் கணவர்கள் கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் எழுதி வைத்திருந்தால் அவளுக்காக எந்த உறவுக்காரரிடமும் பிள்ளைகள் வாதாட வேண்டியிருக்காது.

தேதியும் கையெழுத்தும் போட்டு, அதைப் படம் எடுத்துப் பிள்ளைகளின் கைபேசிக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். பீரோவில் வைத்தால் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.